செம்பனை ஓட்டில் கண்ணாடி உருகுமா?

கேள்வி இதுதான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய ரப்பர் புகைக்கூடம் சும்மா கிடக்கிறது. நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து அதில் காலி பாட்டில்களை உருக்கி விளக்கும் குவளையும் செய்யப் பார்க்கிறார்கள். கேஸ் தோங் (எரிவாயு சிலிண்டர்) வாங்கிக் கட்டுப்படியாகாது. பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் செம்பனைக் கொட்டை ஓடு மலைபோல் குவிந்திருக்கிறது. மறுநடவுக்கு வெட்டிய பால்மர (ரப்பர் மர)க் கட்டையும் கிடைக்கும். பழம் உதிர்த்த வெறுங்குலையைச் சும்மாவே தருவார்கள். இவற்றை எரித்தே கண்ணாடி உலையை நடத்த முடியுமா?

முடியும். மனிதன் கண்ணாடி உருக்கத் தொடங்கிய நாளிலிருந்து பெரும்பாலான நூற்றாண்டுகள் விறகில்தான் உருக்கினான். ஐரோப்பியக் காடுகளில் பீச் மரத்தை எரித்து, அதே மரத்தின் சாம்பலை மணலோடு கலந்து பச்சை நிறக் கண்ணாடி வார்த்தார்கள். 1615இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டதும் விறகில் சூடு போதவில்லை என்பதற்காக இல்லை. கப்பல் கட்ட மரம் மிஞ்சாது என்ற பயத்தில். எனவே சூடு வருமா என்று கவலைப்பட வேண்டாம். தாவரம் உங்கள் உலைக்குள் கட்டையாக நுழைகிறதா, வாயுவாக நுழைகிறதா, எண்ணெயாக நுழைகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

முதலில் புகைக்கூடத்துப் பழக்கத்தை மறக்க வேண்டும். ரப்பர் ஷீட்டுக்கு 50, 60 டிகிரி போதும். ஈரக் கட்டை, மந்தமான தீ, நிறையப் புகை என்பதுதான் அங்கே கைத்திறன். கண்ணாடிக்கு ஒவ்வொன்றும் தலைகீழ். பாட்டில் கண்ணாடி 720, 730 டிகிரியில் தளரும். குழலில் எடுத்து ஊத 1050 முதல் 1120 வரை வேண்டும். குமிழ் வெளியேறித் தெளிய 1200, 1250 டிகிரியில் சில மணி நேரம் நிற்க வேண்டும். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் போட்டுப் புதிதாகக் கண்ணாடி ஆக்குவது இதைவிடக் கடினம். பெரிய தொழிற்சாலை உலைகளின் கூரை 1550 முதல் 1600 டிகிரியில் நிற்கிறது. பேராக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டை மணலில் சிலிக்கா இருக்கிறதே என்று ஆசை வரும். விட்டுவிடுங்கள். உடைத்த பாட்டிலை உருக்கக் கிலோவுக்கு 1.9 மெகாஜூல் போதும், புதுக் கலவைக்கு 2.6க்கு மேல் வேண்டும். அதோடு கலவையின் தூள் தீயின் வேகத்தில் பறந்து செங்கல்லைத் தின்னும்.

இப்போது ஒரு கணக்கு. 60 கிலோ கண்ணாடி பிடிக்கும் மூசை (கண்ணாடி உருகும் பானை), அதைச் சுற்றி 60 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. உயரமும் உள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ பாட்டிலை உருக்க 114 மெகாஜூல். கொட்டை ஓட்டில் கிலோவுக்குச் சுமார் 16.5 மெகாஜூல் இருப்பதால் காகிதத்தில் 7 கிலோ ஓடே போதும். நடைமுறையில் ஒரு நாளைக்கு 200 கிலோ வரை எரியும். மீதி எங்கே போகிறது? சுவர் வழியே கொஞ்சம், கதவு வழியே கொஞ்சம், 1200 டிகிரியில் வெளியேறும் புகையோடு பெரும்பங்கு. 15 செ.மீ. சதுரக் கதவு திறந்தே கிடந்தால் அந்தத் துளை வழியாக மட்டும் 6 கிலோவாட் வெப்பம் கதிராகப் போகும். அதை ஈடுகட்ட மணிக்கு 4 கிலோ ஓடு வரை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். சிறிய உலையில் கதவுக்கு நல்ல அடைப்பு செய்வது எந்த அடுப்புச் சீர்திருத்தத்தையும்விட மலிவு.

அடுத்தது ஈரம். எரிபொருளோடு உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாகி, உலைச் சூட்டுக்கு ஏறி, புகைபோக்கி வழியே வெளியேறும்போது ஏறக்குறைய 5 மெகாஜூலைக் கூட்டிக்கொண்டு போகிறது. நன்கு உலர்ந்த மரத்தின் தீ, காற்று சரியாக இருந்தால், கணக்குப்படி 1900 டிகிரியை ஒட்டி வரும். பாதி எடை தண்ணீராக உள்ள கட்டையில் அது 1300, 1400க்கு இறங்கிவிடும். அதிலும் நிஜ உலையில் கிடைப்பது இன்னும் குறைவு. எவ்வளவு கட்டை போட்டாலும் கண்ணாடி தெளியாது, புகைதான் கூடும். பால்மரத்தை 5 செ.மீ. கனத்துக்குப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்றோட்டமாக மூன்று நான்கு மாதம் அடுக்கினால் நம் ஊர் ஈரப்பதத்திலும் 15, 18 சதவீதத்துக்கு இறங்கும். அதில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைக்கும். விறகுக்கு அது பெரிய குறையில்லை, தூள்தான் கொட்டும்.

ஓடு வெளியே மழையில் கிடந்ததா என்று மில்லில் கேட்டுப் பயனில்லை, அளந்து பாருங்கள். 1 கிலோ ஓட்டைத் தட்டில் பரப்பி 105 டிகிரி ஓவனில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 850 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை அப்படியே பயன்படுத்த வேண்டாம், கூரைக்கு அடியில் பரப்பிக் காய வையுங்கள்.

சாம்பல்தான் பலரும் கடைசியில் கண்டுபிடிக்கும் எதிரி. அளவில் கொஞ்சம்தான், பால்மரத்திலும் ஓட்டிலும் நூற்றுக்கு ஓரிரண்டு, போனால் நான்கு பங்கு. ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. 1200 டிகிரியில் அது ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படியும், செங்கல்லோடு சேர்ந்து தானே கண்ணாடியாகும். முதல் மாதம் சுவரில் பளபளப்பான பச்சைப் பூச்சு தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மூன்றாவது மாதம் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டு மூசைக்குள் விழுந்தால் குழம்போடு சேராமல் நூல்நூலாக ஓடும், ஊதும்போது அந்த இடம் மட்டும் இறுகி நிற்கும். பறக்கும் சாம்பலில் உள்ள இரும்பு கண்ணாடியைப் பச்சையாக்கும். சரியாக எரியாத கரி குழம்பில் விழுந்தால் பழுப்பும் குமிழும் வரும்.

அதனால்தான் வெறுங்குலை வேண்டாம் என்கிறேன். மில்லிலிருந்து வரும்போது அதில் 60 முதல் 70 சதவீதம் தண்ணீர். பிழிந்து உலர்த்தினாலும் அதன் சாம்பல் பொட்டாசியத்தில் ஊறியது. அந்தச் சாம்பலை உரமாகப் போடுவதே அந்தக் குணத்துக்காகத்தான். குளோரினும் உண்டு, இரும்புக் குழாயை அரிக்கும். சும்மா தருகிறார்கள் என்றால் மரத்தடியில் போடுங்கள். நெல் உமியும் வேண்டாம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா; சில மணி நேரத்தில் அடுப்பின் தட்டி (எரிபொருளைத் தாங்கும் கம்பிச் சட்டம்) அடைத்துக்கொள்ளும். மீதமிருப்பவை கொட்டை ஓடும் பால்மரமும். ஓட்டின் விலையை மில்லில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் 2012இல் பசுமை மின்சாரத்துக்கு நிலையான விலை நிர்ணயித்த பிறகு அங்குள்ள மின்நிலையங்கள் கப்பல் கப்பலாக ஓடு வாங்குகின்றன. முன்போல் சாலைக்குக் கொட்டும் பொருளாக அது இப்போது இல்லை.

விறகை நேரே உலையில் எரிக்கலாம், பழைய முறை அதுதான். விரல் கனத்துக்குப் பிளந்த உலர் விறகைச் சில நிமிடத்துக்கு ஒரு கைப்பிடி என்று இரவும் பகலும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை அதிகமாகப் போட்டால் தீ மூச்சுத் திணறிச் சூடு 50 டிகிரி இறங்கும். மூசை திறந்திருந்தால் சாம்பல் நேரே உள்ளே விழும். இங்கிலாந்தில் விறகைத் தடுத்து நிலக்கரிக்கு மாறியபோது புகைக்குப் பயந்து மூசைக்குக் கூரை போட்டு, பக்கவாட்டில் மட்டும் வாய் வைத்தார்கள். மூடிய மூசையில் கண்ணாடி சுத்தமாக இருக்கும். ஆனால் சுவர் வழியாகத்தான் சூடு ஏறும் என்பதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். மாதம் ஒரு தடவை வேடிக்கைக்கு உருக்குவோருக்கு இது போதும். தொழிலாகச் செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தொழிற்சாலைகள் இந்தச் சிக்கலை 19ஆம் நூற்றாண்டிலேயே அவிழ்த்துவிட்டன. சீமென்ஸ் சகோதரர்களில் ஃபிரெடரிக் 1856இல் வெளியேறும் புகையின் சூட்டைச் செங்கல் அடுக்கில் சேமித்து உள்ளே வரும் காற்றுக்குத் திருப்பித் தரும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வில்லியம் 1861இல் எரிபொருளைத் தனி அறையில் வாயுவாக்கி, அந்த வாயுவை மட்டும் உலைக்கு அனுப்பும் முறையைச் சேர்த்தார். சாம்பல் வெளியே நின்றது, சூடு உள்ளே போனது. உங்களுக்கும் அந்த வழியேதான்.

மணிக்கு 10 கிலோ ஓட்டை வாயுவாக்கும் கீழ்நோக்கு வாயுவாக்கி (வாயு மேலிருந்து கீழே இறங்கி வெளியேறும் வகை) போதும். ஓட்டை 6 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளையும் நாரையும் ஒதுக்குங்கள். இந்த வேலையைத் தவிர்த்தவர்களின் வாயுவாக்கி தவறாமல் அடைபடும். காற்று நுழையும் துளைகளுக்குக் கீழே தொண்டை 8 அல்லது 9 செ.மீ. விட்டம். முழு எரிப்புக்கு வேண்டிய காற்றில் கால் பங்குக்குச் சற்று மேல் கொடுத்தால் கிலோ ஓட்டுக்குச் சுமார் 2.5 கன மீட்டர் வாயு வரும். அதில் பாதி நைட்ரஜன். ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. ஹைட்ரஜன் அதற்குச் சற்றுக் குறைவு. மீத்தேன் ஓரிரு பங்கு. ஒரு கன மீட்டரில் 5 மெகாஜூல் இருந்தால் நல்ல வாயு. கேஸ் தோங்கோடு ஒப்பிட்டால் மெலிந்த வாயுதான். அதனால்தான் இதைக் குளிர்ந்த காற்றோடு எரித்தால் 1200 டிகிரியைத் தொட மல்லாட வேண்டியிருக்கிறது.

இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, வாயுவைக் குளிர விடாதீர்கள். எஞ்சினுக்கு அனுப்புவோர் குளிர்வித்துக் கழுவுவார்கள், வாயுவோடு வரும் தாரும் கழுவிய நீரும் தலைவலி. உலைக்கு அது தேவையே இல்லை. 400, 500 டிகிரி சூட்டிலேயே அனுப்பினால் தார் ஆவியாகவே போய் உலையில் எரிந்துவிடும். நடுவில் தூசிக்கு ஒரு சைக்ளோன் (வாயுவைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் கலம்) மட்டும் போதும். 10 கிலோ ஓட்டின் வாயு 500 டிகிரியில் மணிக்கு 70 கன மீட்டராக விரிந்திருக்கும். சைக்ளோன் வாயில் 30 மி.மீ. அகலம், 55 மி.மீ. உயரம் வைத்தால் வினாடிக்கு 12 மீட்டர் வேகம் கிடைத்துத் தூசி பிரியும். வாயைப் பெரிதாக்கினால் வேகம் குறைந்து தூசி உலைக்கே போய்ச் சேரும். குழாயை மூன்று மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். முழுதும் வெப்பங்காக்கும் செராமிக் கம்பளி சுற்றி, வளைவுதோறும் சுத்தம் செய்ய மூடி வையுங்கள். தார் படிவது எப்போதும் வளைவில்தான்.

இரண்டாவது, எரிக்கும் காற்றைச் சூடாக்குங்கள். புகைபோக்கியின் அடியில் 310 வகைத் துருவேறா எஃகுக் குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் வழியே காற்றை அனுப்பினால் 400 முதல் 500 டிகிரி வரை ஏறும். உலை வாயிலேயே வைத்தால் பொட்டாசிய உப்பு படிந்து எஃகைத் தின்றுவிடும். புகை 900 டிகிரிக்கு இறங்கும் தூரத்தில் வையுங்கள், வாரம் ஒரு தடவை தட்டித் துடையுங்கள். வாயு மணிக்கு 25 கன மீட்டர் என்றால் காற்று 28 முதல் 31 வரை. கதவிடுக்கில் விரல் நீளத்துக்கு மென்மையான தீநாக்கு தெரிந்தால் அழுத்தம் சரி. தீ உள்ளே இழுத்துக்கொண்டால் வெளிக்காற்று நுழைகிறது, டேம்பரை (புகைபோக்கியின் அடைப்புத் தகட்டை) மூடுங்கள். கரும்புகை வந்தால் கண்ணாடி பழுப்பாகப் போகிறது என்று பொருள்.

உலையைப் பற்ற வைக்கும் முறையில் விளையாட்டு வேண்டாம். முதலில் கேஸ் தீயால் உலையை 750 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே வாயு பற்றாமல் அறையில் தேங்கி, பிறகு ஒரே அடியாக வெடிக்கலாம். வாயுவாக்கியின் முதல் அரைமணி நேர வாயு வெறும் புகை. அதைத் தனிக் குழாயில் வெளியே எரித்துவிட்டு, தீ அணையாமல் நீலமும் ஆரஞ்சுமாக நின்ற பிறகே உலைக்குத் திருப்ப வேண்டும். சின்ன கேஸ் தீ ஒன்று எப்போதும் எரியட்டும். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. புகைக்கூடத்துக்குச் சுவர் உண்டு, சன்னல் குறைவு. வாயுவாக்கியை அதற்குள் வைக்கவே கூடாது. வெளியே கூரை மட்டும் போட்ட இடத்தில் வையுங்கள். உள்ளே தலை மட்டத்தில் இரண்டு அலாரம் மாட்டுங்கள். ஓடு போடும் வாய்க்கு இரட்டை மூடி இருக்கட்டும், ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும்படி.

வாயுவாக்கியில் வழக்கமாக வரும் கோளாறு தட்டியில் சாம்பல் உருகிக் கட்டியாவது. மணிக்கு ஒரு தடவை தட்டியை அசைத்தால் தவிர்க்கலாம். கட்டி சேர்ந்ததன் அடையாளம், காற்றூதியின் சத்தம் மாறும், தீ வெளிறும், சூடு மெல்ல இறங்கும். அப்போது காற்றைக் கூட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. அதிகக் காற்றில் தட்டி இன்னும் சூடாகி இன்னும் கட்டும். காற்றைக் குறைத்து, அசைத்து, பிறகு ஏற்றுங்கள்.

உலைச் சுவரின் உள்முகத்துக்கு 60, 70 சதவீத அலுமினா உள்ள அடர்த்தியான வார்ப்புக் கலவை 7 அல்லது 8 செ.மீ. அதன் பின்னால் இலேசான இன்சுலேஷன் செங்கல், அதற்கும் பின்னால் கம்பளி. விலை குறைவு என்று இலேசான செங்கல்லையோ செராமிக் கம்பளியையோ தீக்கு நேரே காட்டினால் பொட்டாசியம் சில மாதத்தில் அதைச் சுரண்டித் தூளாக்கும். கம்பளித் தூசி நுரையீரலுக்கும் கேடு. புது மூசையை 600 டிகிரி வரை மணிக்கு 15 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று விரியும். மூசை வெடிக்கும் ஆபத்தான இடங்களில் அது ஒன்று. சூட்டை அளக்கக் கே வகைத் தெர்மோகப்பிள் இந்தச் சூட்டில் சீக்கிரம் போய்விடும். அலுமினா உறையில் எஸ் வகை விலை கூடுதல், ஆனால் அதுதான் நிற்கும்.

பாட்டில் பிரிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழுப்பு பாட்டிலையும் வெள்ளை பாட்டிலையும் ஒன்றாக உருக்காதீர்கள். பழுப்பில் கந்தகம் சல்ஃபைடாக இருக்கிறது, வெள்ளையில் சல்ஃபேட்டாக. இரண்டும் சந்தித்தால் கந்தக டை ஆக்சைடு கிளம்பி மூசை நுரைத்து வழியும். கீச்சாப், சோயா பாட்டில்களை ஒரு பக்கமும் பீர் பாட்டில்களை ஒரு பக்கமும் வையுங்கள். அலுமினிய மூடியும் கழுத்து வளையமும் ஒன்றுகூடத் தப்பக் கூடாது. அலுமினியம் குழம்பில் உள்ள சிலிக்காவைச் சிலிக்கான் உலோகமாக மாற்றி மிளகளவு மணியாக்கும். ஆறிய பிறகு குவளை அந்த இடத்தில் வெடிக்கும். அடுப்பில் வைக்கும் வெப்பந்தாங்கிக் கண்ணாடி, பீங்கான் துண்டு இவையும் அப்படியே.

பாட்டில் கண்ணாடி சீக்கிரம் இறுகிவிடும், புதுக் கைக்குச் சிரமம். 100 கிலோவுக்கு 2, 3 கிலோ சோடா சாம்பல் சேர்த்தால் சற்று இளகும். மூன்று நான்கு தவணையாகப் போட்டு உருக்கி, 1230 டிகிரியில் ஆறேழு மணி நேரம் நிறுத்தி, 1050க்கு இறக்கி இரண்டு மணி நேரம் விட்டால் மிஞ்சிய சிறு குமிழ்கள் குழம்பிலேயே கரையும். பிறகு 1100க்கு ஏற்றி வேலையைத் தொடங்கலாம்.

அந்த 1230தான் ஓட்டு வாயுவுக்கு மலையேற்றம். இதில் என் யோசனை, ஏற்றத்துக்கு எண்ணெய், சமதளத்துக்கு ஓடு. பயன்படுத்திய சமையல் எண்ணெயில் கிலோவுக்கு 37 மெகாஜூல், சாம்பல் இல்லாத அளவுக்குக் குறைவு, தீயும் நன்றாகச் சூடு வீசும். வட அயர்லாந்தின் டெரிலினில் என்சர்க் நிறுவனம் 2021இல் பாட்டில் உலையில் தாவரக் கழிவு எரிபொருளைச் சோதித்தபோதும் கட்டையை நம்பவில்லை, திரவ எரிபொருளைத்தான் எடுத்துக்கொண்டது. எண்ணெயை ஒரு வாரம் தெளிய வைத்து, அடியில் தங்கும் தண்ணீரையும் உப்பையும் விட்டு, வடிகட்டி, 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி, அழுத்தக் காற்றால் தூவும் முனையில் எரியுங்கள். பித்தளை, செம்புக் குழாய் வேண்டாம். எண்ணெயின் அமிலம் அரிக்கும். உருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 4 கிலோ என்று 32 கிலோ எண்ணெய். மீதி 16 மணி நேரம் 1100இல் நிறுத்த மணிக்கு 6, 7 கிலோ ஓடு. பெரிய வாங்குவோரும் கடை எண்ணெய்க்குப் போட்டி போடுகிறார்கள், எனவே முதலில் ஊர்க் கடைகளில் வாரத்துக்கு எவ்வளவு சேரும் என்று எழுதிப் பாருங்கள்.

கட்டுப்படியாகுமா என்பதற்கு எளிய கணக்கு: உலையில் ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு நாலரைக் கிலோ ஓடு வேண்டும். ஒரு கிலோ கேஸின் விலையை 4.5ஆல் வகுங்கள். வரும் தொகையைவிட, சலித்து உலர்த்திக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டின் விலை குறைவாக இருக்க வேண்டும். அதோடு இரவில் தட்டி அசைக்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும், அவருக்குக் கூலி. பல கணக்குகள் அந்தக் கூலியில்தான் கவிழ்கின்றன.

கட்டுவதற்கு முன் ஈப்போவில் சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 2014ஆம் ஆண்டுத் தூய காற்று விதிமுறைகள் உங்கள் உலைக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை பால்மரக் கட்டையில் எரியும் ஆறவைக்கும் உலை ஒன்றைக் கட்டிப் பழகலாம். செய்த பொருளை 540 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, 400 வரை மணிக்கு 60 டிகிரி வீதம் இறக்கி, மூடியபடியே காலைவரை விடும் பெட்டி அது, 6 மி.மீ. கனம் வரை இந்தக் கணக்கு சரி. கண்ணாடிக்கும் தீக்கும் நடுவில் தகடோ செங்கல் சுவரோ இருந்தால் சாம்பல் தொல்லை இல்லை. 15 டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் ஓர் இரவு முழுக்க அந்தப் பெட்டியைக் கட்டையில் நிறுத்தக் கை பழகிய பிறகு மூசைக்குப் பணம் போடுங்கள்.